ஐஸுக்கு உப்புப் போட்ட அத்தானுக்கு

என் பாசத்துக்குரிய அத்தான்,

நாளை விடிய நான் துறைக்குப் போகிறேன். தோணியேறி வாவியைக் கடந்து களுவாஞ்சிக்குடிக்குப் போய், மருந்துக் கடையில் இரண்டு குப்பி இன்சுலின் வாங்கிக்கொண்டு பொழுது சாயமுன் திரும்பிவிட வேண்டும். ஒன்று எனக்கு, மற்றது ஒரு சின்னப் பிள்ளைக்கு. கைவசம் இருக்கிற குப்பியில் எங்கள் இருவருக்குமாக மிஞ்சியிருப்பது அடியில் கொஞ்சம்தான்.

இதைக் கேட்டால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். "இஞ்ச வா கா, உன்ட தங்கச்சி தோணியேறப் போறாவாம்! தண்ணியைக் கண்டா தலை சுத்துறவ!" என்று அக்காவைக் கூப்பிட்டுச் சொல்வீர்கள். சிரியுங்கள் அத்தான். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலமாகிறது!

நீங்கள் போன பிறகு நான் அந்தத் துறையடியை மிதித்ததே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அதுதான் கிட்டிய வழி. இருந்தும் வட்டைக்குள் இறங்கி, வயல் வரம்பால் சுற்றித்தான் போகிறேன். மாரியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போகிற டீச்சரைப் பார்த்து, "அவவுக்குக் கொஞ்சம் விசர்" என்று சொல்கிறார்களாம். சொல்லட்டும். வழியை அவர்களா எனக்கு நடந்து தரப்போகிறார்கள்?

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கோபிக்காதீர்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படி அக்காவை முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தவர் நீங்கள். எனக்கு அப்போது சட்டை போடுகிற வயது. அம்மாவும் அப்பாவும் இல்லை. உங்களோடு கூடவே ஒரு பெரிய வெள்ளை ரெஜிபோம் பெட்டியும் வந்தது. மீன் வியாபாரியின் ஐஸ் பெட்டி. "சீதனம் நாங்க குடுக்கிறது, நாத்தம் அவர் கொண்டு வாறது" என்று அக்கா பகிடி பண்ணுவாள்.

வாவியில் பிடிபடுகிற ஓரா, மணலை மீன்களை இக்கரையில், எங்கள் படுவான்கரையில் வாங்கி, அக்கரைச் சந்தையில் விற்றுவிட்டு, அங்கிருந்து ஐஸ் கட்டிகளை உடைத்துப் பெட்டியில் நிரப்பிக்கொண்டு வருவீர்கள். அந்த ஐஸுக்கு மேலே கைநிறையக் கல்லுப்பு. உப்புப் போட்டால் குளிர் இன்னும் ஏறும், மீன் கெடாது. அதில் உங்களுக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. "என்ட பெட்டிக்க கிடக்கிற மீன் நாளைக்கும் கண் முழிச்சுப் பாக்கும் கா!" உப்புப் போடாதவனை நீங்கள் மீன்காரன் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

எனக்கு நீரிழிவு வந்தது உயர்தரம் படிக்கும்போது. தினமும் ஊசி ஏற்றாவிட்டால் உயிர் தங்காத வகை நீரிழிவு. அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், பின்னேரம் முதல் குப்பியோடு வந்தீர்கள். அன்று தொடங்கியது. நாங்கள் தூக்கிச் செல்வதைக் காவுவது என்போம். மீனை அக்கரைக்குக் காவினீர்கள், என் உயிரை இக்கரைக்குக் காவினீர்கள். சண்டை தொடங்கி, அக்கரையில் ஆமியும் இக்கரையில் இயக்கமுமாக வாவி எல்லையாகிப் போன பிறகும் அதை நிறுத்தவில்லை. மருந்து காவுவதற்கு டொக்டர் எழுதிய துண்டு வேண்டும், ஆமியின் காவலரணான சென்றியில் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டவேண்டும், வெயிலில் நிற்கவேண்டும். வீட்டுக்கு வந்து அதில் ஒன்றையாவது சொன்னீர்களா? இல்லை. ஐஸ் கரைந்த கதையைத்தான் சொல்வீர்கள்.

நான் உயிரியல் டீச்சராகிச் சம்பளம் எடுக்கத் தொடங்கிய காலம். ஒருநாள் ஊசி ஏற்றுகிறபோது பக்கத்தில் குந்தியிருந்து கேட்டீர்கள், "இது உள்ளுக்க போய் அப்பிடி என்னதான் செய்யுது கா?"

எனக்கு யாராவது கேள்வி கேட்டால் போதும், உங்களுக்குத் தெரியும்தானே. சட்டியில் இருந்த தேங்காயெண்ணெயில் ஒரு பிடி சீனியைப் போட்டுக் காட்டினேன். கரைகிறதா? இல்லை. உடம்பு முழுக்கக் கோடிக்கணக்கான கலங்கள், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு கலத்தையும் சுற்றி ஒரு மென்சவ்வு. அது எண்ணெய்ப் பிடிப்புள்ள தோல். இரத்தத்தில் ஓடுகிற சீனிக்கு அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போக ஏலாது. அதனால் தோலில் புரதத்தாலான கதவுகள் இருக்கின்றன. கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன. இன்சுலின்தான் திறப்பு, அந்தப் பூட்டுக்குச் சாவி. என் உடம்பு திறப்பைத் தொலைத்துவிட்டது, நீங்கள் அக்கரையிலிருந்து திறப்பு வாங்கி வருகிறீர்கள் என்றேன்.

"சரிதான்," என்றீர்கள். "வீட்டுச் சாவிக் கொத்தையே ஒழுங்கா வைக்கத் தெரியாதவ. உடம்புத் திறப்பை மட்டும் எப்பிடி வச்சிருப்ப?" அக்கா குசினிக்குள்ளிருந்து கத்தினாள், "அதெல்லாம் கிடக்கட்டும், எண்ணெயைப் பாழாக்கினது ஆரு?"

அத்தான், அந்தப் பின்னேரத்தை நான் எத்தனை தரம் நினைத்துப் பார்க்கிறேன் தெரியுமா?

அதற்குப் பிறகு வந்தது அந்தப் பொல்லாத கச்சான் காலம். அனல் காற்று. வயல் வெடித்துக் கிடந்தது. மருந்துக் கடைக்காரர் உங்களிடம், "வெக்கை கூட, இதைக் குளிரா வச்சுக் கொண்டு போங்க" என்று சொல்லியிருக்கிறார். குளிரைப் பற்றி உங்களுக்குச் சொல்லித் தரவேண்டுமா? குப்பியைத் துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில் வைத்து, சுற்றிவர ஐஸ் அடைந்து, மேலே வழக்கத்தைவிடக் கூடுதலாக உப்பையும் கொட்டிக்கொண்டு வந்தீர்கள். வாசலில் நின்று, "இண்டைக்கு மருந்து கைலாசத்திலயிருந்து வந்திருக்கு கா, தொட்டுப் பாரு!" என்றீர்கள். தொட்டேன். விரல் விறைத்தது. உங்கள் முகத்தில் எவ்வளவு சந்தோசம்!

இரவு ஏற்ற எடுத்தபோது மருந்தில் பார்வைக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதைத்தான் ஏற்றினேன். இரண்டு மூன்று நாளில் தாகம் பிடித்தது. குடம் குடமாகக் குடித்தேன். கால் சோர்ந்தது. மூச்சு வாங்கியது. ஊசி தவறாமல் ஏற்றுகிறேனே, பிறகேன் இப்படி என்று மருந்தைக் கூட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. வகுப்பில் சோக்கட்டியோடு கரும்பலகையில் சாய்ந்தவள், அப்படியே கீழே போய்விட்டேன்.

ஊர் மருந்துச்சாலையின் அப்போதிக்கரி ஐயா குப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "இது உறைஞ்சு பழுதாப் போன மருந்து. பச்சைத்தண்ணியும் இதுவும் ஒண்டுதான். எங்க வச்சுக் கொண்டு வந்த நீங்க?"

"ஐஸுக்க," என்றீர்கள். பிறகு மெல்லிய குரலில், "உப்பும் போட்ட நான்" என்றீர்கள்.

"வெறும் ஐஸ் எண்டாலும் தப்பியிருக்கும். உப்பு விழுந்தா உறைஞ்சுதானே போகும். இன்சுலினைக் குளிர வைக்கிறதுதான், உறைய விடப்படா. ஒரு முட்டிக்க ஈர மணலைப் போட்டு அதுக்க வச்சுக் கொண்டு வந்தாக் காணும், வேற ஒண்டும் வேணாம்."

நான் பாயில் கிடந்தபடி, "நான் என்ன ஓரா மீனா அத்தான், உப்புப் போட்டு வைக்க?" என்று பகிடிதான் விட்டேன். வேறு நாளாயிருந்தால், "மீன் இவ்வளவு கதைக்காதே கா" என்று திருப்பி அடித்திருப்பீர்கள். அன்று சாப்பாட்டுக் கோப்பையை அக்கா எத்தனை தரம் வைத்தாலும் தொடவில்லை. மறுநாள் விடியமுன் எழும்பி, பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, குசினியிலிருந்த சின்ன மண் முட்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள். மீன் இல்லாமல் நீங்கள் தோணியேறிய ஒரே நாள் அதுதான்.

பின்னேரம் துறையடியில் செல் விழுந்து வெடித்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டவரும் இல்லை, சொன்னவரும் இல்லை.

தோணிக்காரர் கணவதிப்பிள்ளை அண்ணன்தான் முதலில் வீட்டுக்கு ஓடி வந்தார். நெஞ்சோடு முட்டியை அணைத்திருந்தார். கரையில் இறங்கியதும் முட்டியை அவரிடம் நீட்டி, "இதைப் புடிங்க அண்ணன், நான் தோணியை இழுத்துப் போட்டுட்டு வாறன்" என்றீர்களாம். அவ்வளவுதான் உங்கள் கடைசிப் பேச்சு. அவர் முட்டியைக் கட்டிப்பிடித்தபடி மணலில் விழுந்திருக்கிறார். அவருக்கும் காயமில்லை, முட்டியிலும் கீறல் இல்லை.

உங்களைக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தினார்கள். பெண்கள் மாரில் அடித்து அழுதார்கள். எனக்கு எழுந்து நிற்கக்கூட ஏலவில்லை. அந்த முட்டியைப் பார்த்தேன். அதைத் தொடக் கூடாது, இப்படியே போய்விடுவோம் என்று நினைத்தேன். உண்மையாக நினைத்தேன் அத்தான். அப்போது அக்கா வந்தாள். ஊசியைக் கண்டாலே மறுபக்கம் திரும்புகிற அக்கா, அழுது வீங்கிய முகத்தோடு அடுப்பில் தண்ணீர் வைத்து, ஊசியை அவித்து எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"ஏத்து கா. அவர் காவிக்கொண்டு வந்தது வீணாப் போகப்படா."

ஏற்றினேன். நீங்கள் பக்கத்து அறையில் கிடக்க, நீங்கள் கொண்டுவந்ததை ஏற்றிக்கொண்டேன். இரவுக்குள் தாகம் குறைந்தது. உடம்புக்கு வெட்கமில்லை. அது பாட்டுக்குச் சுகமானது.

இனி இங்கத்தைய சேதி. அக்கா குவைத்துக்குப் போய்விட்டாள், வீட்டு வேலைக்கு. இந்த வீட்டில் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்றாள். கடிதம் வருவதற்குள் அதிலுள்ள சேதி பழசாகிவிடுகிறது. ரேடியோவுக்குப் பற்றரி கிடைக்காது, அதுவும் ஊமை. பள்ளிக்கூடம் உள்ள நாட்களில் பிள்ளைகளோடு கத்துகிறேன். சனி ஞாயிறுகளில் நான் வாய் திறப்பது கறிக்கு உப்புப் பார்க்க மட்டும்தான். உங்கள் வெள்ளைப் பெட்டி மூலையில் கிடக்கிறது. எத்தனை கழுவினாலும் மணம் போகவில்லை. போகாமல் இருக்கட்டும் என்று இப்போது கழுவுவதையும் விட்டுவிட்டேன்.

மருந்து எப்படிக் கிடைக்கிறது என்று கேட்பீர்கள். இவ்வளவு காலமும் நிவாரண வண்டியில் வந்தது. போன மாதத்தோடு பாதையை மூடிவிட்டார்கள். வண்டி இல்லை.

இன்னொரு சேதி, இது உங்களுக்கு மிகவும் பிடிக்கும். பல்கலைக்கழகத்தில் படிக்கிற என் பழைய மாணவி ஒருத்தி, புதுப் புத்தகமொன்றின் ஓர் அத்தியாயத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து அனுப்பினாள். நான் உங்களுக்குச் சொன்னது பிழை அத்தான். இன்சுலின் திறப்பு இல்லை. கதவுகள் தோலில் பூட்டிக் கிடப்பதும் இல்லை. தசையிலும் கொழுப்பிலும் உள்ள கலங்களில் அவை பெரும்பாலும் உள்ளே, சின்னச் சின்னக் குமிழிகளுக்குள் ஒதுங்கிக் கிடக்கின்றன. இன்சுலின் வெளியே நின்று கூப்பிடுகிறது. கூப்பிட்ட பிறகுதான் அவை எழும்பித் தோலுக்கு வருகின்றன. கூப்பிடுகிற சத்தம் நின்றால் திரும்பவும் உள்ளே போய்விடுகின்றன.

அவை கதவு மாதிரித் திறந்தபடி நிற்பதும் இல்லையாம். ஒரு பக்கம் வாய் திறந்து ஒரு சீனியை ஏற்றும், உடம்பை நெளித்து மறுபக்கம் வாய் திறந்து இறக்கிவிடும், பிறகு வெறுமையாகத் திரும்பும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் திறக்காது. தோணி ஒரே நேரத்தில் இரண்டு கரையிலும் நிற்குமா? அப்படித்தான். சில புரதங்கள் காவுவதற்குக் கூலி கேட்கும், கலம் தன் சக்தியைச் செலவழித்துக் கொடுக்கவேண்டும். சீனியைக் காவுகிற இந்தப் புரதம் கூலி கேட்காது. சீனி நிறைந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குச் சும்மா காவிக்கொண்டேயிருக்கும். எங்கள் பாடப்புத்தகத்தில் இவற்றுக்குக் காவிப் புரதம் என்றுதான் பெயர். எத்தனை வருசம் அதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! இதை வாசித்த அன்று கையில் தாளை வைத்துக்கொண்டு, "அத்தான், இஞ்ச வாங்க!" என்று கூப்பிட்டேவிட்டேன். கூப்பிட்ட சத்தம் முன்னறை வரை போய் நின்றது.

எனக்குள்ளும் எல்லாம் உள்ளேதான் கிடக்கிறது போல. கூப்பிட ஆளில்லை.

அப்படி இருந்தபோதுதான் பூமணி வந்தாள். வயல் வேலைக்குப் போகிற கைம்பெண், பின் ஒழுங்கையில் இருக்கிறாள். ஐந்தாம் வகுப்பில் படிக்கிற தன் மகள் தர்சினியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "டீச்சர், புள்ள மூத்திரம் பெய்யிற இடமெல்லாம் எறும்பு மொய்க்குது. ஆஸ்பத்திரியில உங்கட வருத்தம்தான் எண்டவங்க. தந்த மருந்து முடிஞ்சு போச்சு. வண்டியும் இல்ல. நான் ஆரிட்டப் போக?"

பிள்ளையின் வாயில் அழுகின பழம் மாதிரி அந்த மணம். அந்த மூச்சு. நான் கரும்பலகையில் சாய்ந்த நாள் நினைவுக்கு வந்தது. என் குப்பியை எடுத்தேன். அன்றிலிருந்து ஒரு குப்பி இருவருக்கு. இரண்டு பேரும் அரைகுறையாகத்தான் ஏற்றிக்கொள்கிறோம். காலையும் பின்னேரமும் அவள் இங்கே வருகிறாள். சரியான வாயாடி. கதவுகளின் கதையை அவளுக்கும் சொன்னேன். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப எனக்குள்ள இருக்கிற கதவெல்லாம் இப்ப நித்திரையா டீச்சர்? கூப்பிட்டா எழும்புங்களா?" என்று கேட்டாள்.

எழும்பும் என்றேன். சொல்லிவிட்டேன், இனி மருந்து வேண்டுமே. இன்று கணவதிப்பிள்ளை அண்ணனின் வீட்டுக்குப் போனேன், நாளைக்குத் தோணியில் இடம் கேட்க. அவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசியே பல காலம். நரைத்துப் போனார்.

"வா புள்ள, ஏத்திக்கொண்டு போறன்," என்றார். "ஆனா சென்றியில கேப்பான், மருந்து ஆருக்கு எண்டு. 'பெஹெத் காட்டத?' எண்டு சிங்களத்தில கேப்பான். உன்ட அத்தான் சொல்ற மாதிரியே சொல்லிப்போடு."

"அத்தான் என்ன சொல்றவர்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா? 'மகே துவட்ட' எண்டுவான். என்ட மகளுக்கு எண்டு. மச்சாளுக்கு எண்டா ஆயிரம் கேள்வி வரும் எண்டுதான் முதல் தரம் சொன்னவன். சென்றியில நிண்ட ஒரு பொடியன், 'மகள் சுகமா?' எண்டு ஒவ்வொரு தரமும் விசாரிப்பான். மகளுக்குக் குடு எண்டு டொபியும் குடுப்பான்."

அந்த டொபி! சட்டைப் பையிலிருந்து எடுத்து, உறையைப் பிரித்து, என் கண்ணுக்கு முன்னால் வாயில் போட்டுக்கொண்டு, "உனக்கு ஏலாது கா, உன்ட பங்கையும் நானே திண்டு தொலைக்கிறன்" என்பீர்களே! இனிப்புப் பைத்தியம் என்று எத்தனை நாள் உங்களைத் திட்டியிருப்பேன்.

அண்ணன் துடுப்பைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "மறுகா அதுவே பழகிப் போச்சு புள்ள. என்னட்டையும் அப்பிடித்தான் சொல்லுவான். 'அண்ணன், நாளைக்கு மகளுக்கு மருந்து எடுக்கப் போகணும்' எண்டு. நடு வாவியில. ஆமிக்காரன் ஒருத்தனும் இல்லாத இடத்தில."

வீட்டுக்கு வந்து உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். நீங்கள் போன அன்று அழாத அழுகை. என்னிடம் ஒரு தரமாவது சொல்லியிருக்கலாமே அத்தான்? சொல்லியிருந்தால் நான் பகிடி பண்ணியிருப்பேன் என்று பயந்தீர்களா? பண்ணித்தான் இருப்பேன். அதற்குப் பிறகு உங்களை அப்பா என்று ஒரு தரம் கூப்பிட்டும் இருப்பேன்.

இனி அழ நேரமில்லை. அந்தச் சின்ன முட்டியைக் கழுவி, மணல் போட்டு நனைத்துவிட்டேன். உங்கள் பெட்டியைத் தொடமாட்டேன். ஐஸ் பக்கமே போகமாட்டேன், உப்புப் பக்கமும் போகமாட்டேன். வட்டைக்குள் இறங்காமல் நேரே துறையடியால் நடப்பேன். நீங்கள் விழுந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் தோணியேறுவேன். திரும்பி வந்ததும் முதல் ஊசி தர்சினிக்கு, மறுகாதான் எனக்கு. குப்பி முடியிற நேரமெல்லாம் போவேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு.

சென்றியில் கேட்பான், மருந்து ஆருக்கு என்று. கலியாணமும் முடிக்காத, பிள்ளையும் பெறாத நான், கொஞ்சமும் தடுமாறாமல் சொல்வேன். "மகே துவட்ட."

இக்கரையிலிருந்து,
உங்கள் மகள்